ஜான் மன்னர் கொடுக்காத கோப்பை... கிங்ஸ் லின் டவுன் ஹாலில் ஒரு மதியம்!

கிங்ஸ் லின் என்ற ஊரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். இங்கிலாந்தின் கிழக்கே, நார்ஃபோக் பகுதியில், ஊஸ் ஆறு கடலோடு சேருமிடத்துக்குச் சற்று முன்னால் இருக்கிற பழைய துறைமுக ஊர். லண்டன் கிங்ஸ் கிராஸில் ரயில் ஏறினால் கேம்பிரிட்ஜ், ஈலி எல்லாம் தாண்டி, ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் தண்டவாளம் முடிந்துவிடும். அந்த முடிவுதான் கிங்ஸ் லின்.

என் பெரியம்மா மகள் அங்கே நர்ஸாக இருக்கிறாள். "லண்டன் பக்கம் வந்துட்டு என்னைப் பாக்காம போனா அம்மாகிட்ட சொல்லிடுவேன்" என்று மிரட்டியதால், கையில் இருந்த விடுமுறையில் மூன்று நாள்களை அவளுக்கு ஒதுக்கினேன். முதல் நாள் சாப்பாடு, தூக்கம், ஊர்க் கதை. இரண்டாம் நாள் அக்காவின் எட்டு வயது மகன் என் கையைப் பிடித்து இழுத்தான். "சித்தி, எங்க ஊர் ராஜா குடுத்த கப் இருக்கு, வா காட்டுறேன்."

'எங்க ஊர் ராஜா'. அவன் பிறந்தது அந்த ஊரில்தான். அப்படிச் சொல்ல அவனுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. ஆனால் அவன் சொன்ன ராஜா அந்தக் கோப்பையைக் கொடுக்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கதை.

லின் ஊரில் இரண்டு சந்தைத் திடல்கள் இருக்கின்றன. ஒன்றின் பெயர் சனிச் சந்தை, இன்னொன்று செவ்வாய்ச் சந்தை. நம் ஊர்களில் வைப்பதுபோலவே கிழமையை வைத்துப் பெயர். சனிச் சந்தைத் திடலில் ஒரு பக்கம் பெரிய தேவாலயம். அதன் கோபுரத்தில் நிலவின் நிலையையும் ஆற்றில் வெள்ளம் ஏறும் நேரத்தையும் காட்டும் ஒரு பழைய கடிகாரம். வாசலில், எந்தெந்த ஆண்டு கடல் நீர் எவ்வளவு உயரம் வந்தது என்று கல்லில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். 1953, 1978, 2013 என்று நீள்கிறது பட்டியல். தண்ணீரால் வாழ்ந்த ஊர், தண்ணீருக்குப் பயந்த ஊர்.

தேவாலயத்துக்கு எதிரே டவுன் ஹால். பார்த்ததும் நான் நின்றுவிட்டேன். முகப்பு முழுக்க சதுரங்கப் பலகை! வெளிர் நிறக் கல் ஒரு கட்டம், கறுத்த சிக்கிமுக்கிக் கல் ஒரு கட்டம் என்று மாற்றி மாற்றிப் பதித்திருக்கிறார்கள். நார்ஃபோக்கில் நல்ல கட்டடக் கல் கிடைக்காது, சிக்கிமுக்கிக் கல்தான் காலில் இடறும். இல்லாததைக் காசு கொடுத்து வரவழைத்து, இருப்பதோடு சேர்த்து அழகு செய்துவிட்டார்கள்.

இந்தக் கட்டடத்தின் மூத்த பகுதி 1422-ல் தொடங்கி 1428 வாக்கில் முடிந்தது. அதைக் கட்டியது அரசரோ பிரபுவோ இல்லை, திரித்துவ கில்டு என்ற வணிகர் சங்கம். கில்டு என்றால் வெறும் வியாபாரிகள் சங்கம் என்று நினைத்துவிடக் கூடாது. உறுப்பினர் இறந்தால் ஆன்மாவுக்காகப் பூசை வைப்பது, நொடித்துப்போனவருக்குக் கைகொடுப்பது, கடன் கொடுப்பது, விருந்து வைப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். கம்பளி, உப்பு, தானியம், ஒயின், நார்வேயிலிருந்து வரும் கருவாடு என்று லின் துறைமுகம் கொழித்த காலம் அது. ஜெர்மானிய வணிகக் கூட்டமைப்பான ஹான்சா, 1475 வாக்கில் இங்கே கட்டிய கிடங்கு இன்னும் நிற்கிறது. அந்தக் கூட்டமைப்புக்கு இங்கிலாந்தில் மிஞ்சியிருக்கும் ஒரே கட்டடம் அதுதான்.

1422-ல் புதிதாகக் கட்ட வேண்டி வந்ததற்குக் காரணம், அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில் பற்றிய தீ. பழைய கில்டு மண்டபம் சாம்பலானது. அந்தத் தீயைக் கண்ணால் பார்த்த ஒருவர் தன் சுயசரிதையில் அதைச் சொல்லியிருக்கிறார். அவர் பெயர் மார்ஜரி கெம்ப். பதினான்கு பிள்ளை பெற்றவர். மது வடித்து விற்றுப் பார்த்து நஷ்டப்பட்டவர். ஜெருசலேம் வரை யாத்திரை போனவர். தேவாலயத்தில் உரக்க அழுவார் என்பதால் ஊரில் பாதிப்பேருக்கு அவரைப் பிடிக்காது. அப்பா ஜான் பிரன்ஹாம், லின் ஊரின் மேயராக ஐந்து முறை இருந்தவர்.

தீ தேவாலயத்தை நோக்கி நகர்ந்தபோது மார்ஜரி அழுது ஜெபித்ததாகவும், கொஞ்ச நேரத்தில் மூன்று பேர் உடையெல்லாம் பனி படிந்து உள்ளே வந்து 'வெளியே பனி கொட்டுகிறது' என்றதாகவும் அவர் சொல்கிறார். தேவாலயம் தப்பித்தது. எழுதப் படிக்கத் தெரியாத அவர், சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதிய இந்த நூல்தான் ஆங்கிலத்தின் முதல் சுயசரிதை என்று மதிக்கப்படுகிறது. அதன் கையெழுத்துப் பிரதி 1934-ல்தான் ஒரு வீட்டு அலமாரியிலிருந்து வெளியே வந்தது. 1438-ல் திரித்துவ கில்டின் உறுப்பினர் கணக்கில் மார்ஜரி கெம்ப் என்ற பெயர் வருகிறது. அது இவராகத்தான் இருக்கும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஊரே கேலி செய்த பெண், கடைசிக் காலத்தில் ஊரின் பெரிய மனிதர்கள் உட்காரும் சங்கத்தில் பெயர் எழுதிவிட்டார்! இதைப் படித்தபோது எனக்கு விசில் அடிக்கத் தோன்றியது.

கட்டடம் அப்படியே நிற்கவில்லை. பக்கத்தில் 1784-ல் ஒரு சிறைச்சாலை சேர்ந்தது. அதன் வாசலுக்கு மேலே கல்லிலேயே விலங்குச் சங்கிலி செதுக்கி, 'உள்ளே வராதே' என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறார்கள். பின்னால் 1766-ல் நடன மண்டபம். 1895-ல் இன்னொரு பக்கம் புதிய டவுன் ஹால் கட்டியபோது, நானூற்றைம்பது ஆண்டு பழைய முகப்புக்குப் பொருந்தும்படி அதே சதுரங்கக் கட்டத்தைப் போட்டார்கள். சொல்லாவிட்டால் எது பழசு, எது புதுசு என்று சட்டென்று தெரியாது. கண்ணாடிச் சுவர் வைத்து நவீனமாக்கவில்லையே என்று மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன்.

2016 முதல் இந்தக் கட்டடத் தொகுதிக்குள் அருங்காட்சியகம் ஒன்று இயங்குகிறது. கில்டு மண்டபத்தின் அடித்தளத்தில், வளைந்த செங்கல் கூரைக்குக் கீழே, ஊரின் பொக்கிஷங்கள். அக்கா மகன் வழிகாட்டிபோல முன்னால் ஓடினான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது ஜான் மன்னர் கோப்பை.

சுமார் 15 அங்குல உயரம். வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசியது. மூடியும் உண்டு. ஒல்லியான தண்டின் மேல் ஒரு பூ விரிந்ததுபோல இருக்கும். அதன் மேல் முழுக்க எனாமல் வேலை. ஒளி ஊடுருவும் நீலத்திலும் பச்சையிலும் ஆண்களும் பெண்களும் நிற்கிறார்கள். ஒருத்தி கையில் வேட்டைப் பறவை, அருகே நாய், ஓடும் முயல். வெள்ளியில் முதலில் மெல்லிய கோடுகளாகச் செதுக்கி, அதன் மேல் நிறக் கண்ணாடித் தூளைப் பரப்பிச் சூட்டில் உருக்கும் வித்தை இது. அடியில் இருக்கும் செதுக்கல் ஆழமான இடத்தில் நிறம் அடர்த்தியாகவும், மேடான இடத்தில் வெளுத்தும் தெரியும். துணி மடிப்பு அப்படியே மடிப்பாகத் தெரிகிறது.

"இதுதான் சித்தி! கிங் ஜான் குடுத்தது!"

ஜான் யாரென்று நம்மில் பலருக்குத் தெரியும். ராபின் ஹுட் கதையின் வில்லன். பள்ளிப் பாடத்தில் வரும் மகா சாசனத்தில் 1215-ல் வேறு வழியில்லாமல் முத்திரை வைத்தவர். மறு ஆண்டு, பிரபுக்கள் எதிர்த்து நிற்க, நாடு முழுக்க ஓடிக்கொண்டிருந்த ஜான், 1216 அக்டோபரில் லின் ஊருக்கு வந்தார். ஊர் அவரை நன்றாக வரவேற்றது. அங்கேயிருந்து கிளம்பியபோதுதான் அந்தப் புகழ்பெற்ற விபத்து. வாஷ் எனப்படும் கழிமுகத்தை, கடல் நீர் வடிந்திருந்த நேரத்தில் அவருடைய சாமான் வண்டிகள் குறுக்கே கடக்கப் பார்த்தன. புதைமணலும் திரும்பி வந்த வெள்ளமும் வண்டிகளை விழுங்கின. அரச பொக்கிஷமும் அதோடு போனதாகச் சொல்வார்கள். ஒரு வாரத்துக்குள், வயிற்றுப்போக்கில், நியூவர்க் கோட்டையில் ஜான் இறந்துபோனார். அன்றைய கழிமுகம் இன்றைக்கு வயல். அந்தப் பொக்கிஷத்தைத் தேடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எல்லாம் மூழ்கிய பிறகு ஒன்று மட்டும் மிஞ்சியது, அது எங்கள் ஊருக்கு அவர் கையால் கொடுத்துவிட்டுப்போன கோப்பை என்று சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கிறது! தலைமுறை தலைமுறையாக லின் அப்படித்தான் சொல்லிக்கொண்டது.

இந்தக் கதையைக் கலைத்தது அந்தக் கோப்பையே. அதன் மேல் நிற்கும் ஆண்களும் பெண்களும் போட்டிருக்கும் உடை, ஜான் காலத்து உடை இல்லை. உடம்பைப் பிடித்த மேலாடை, தோளோடு வரும் முக்காட்டுத் தொப்பி, இதெல்லாம் 14-ம் நூற்றாண்டு மோஸ்தர். ஆகவே கோப்பை 1325-க்கும் 1340-க்கும் இடையில் செய்யப்பட்டது என்பதுதான் இன்றைய கணிப்பு. ஜான் இறந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு பிறந்த கோப்பை! பழைய போட்டோவில் பெல்பாட்டம் பேன்ட்டைப் பார்த்ததும் 'இது எழுபதுகளில் எடுத்தது' என்று சித்தப்பா சொல்வாரே, அதே ஆராய்ச்சிதான்.

கோப்பையில் எனக்குப் பிடித்தது மேலே இருந்த ஓவியங்களைவிட அடியில் இருக்கும் ஒரு செய்தி. எனாமல் உதிர்ந்தபோதெல்லாம் அதைச் சரிசெய்திருக்கிறார்கள். சரிசெய்த ஆண்டுகளையும் அடியில் பொறித்து வைத்திருக்கிறார்கள்: 1692, 1711, 1750, 1782. எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் குடத்தில் கொடுத்தவர் பெயரையும் தேதியையும் வெட்டியிருப்பார்கள். பாட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து 'இது உன் தாத்தாவோட அத்தை குடுத்தது' என்பார். லின் நகரசபை, கொடுத்தவர் பெயரைத் தப்பாக நினைவு வைத்திருந்தாலும் பழுது பார்த்த தேதியைச் சரியாக எழுதி வைத்திருக்கிறது. எனக்கு அந்த நான்கு தேதிகள் மேல்தான் மரியாதை வந்தது. அதாவது, இது வெறுமனே பூட்டி வைத்த பொருள் இல்லை. புழங்கிய பொருள். அடிபட்ட பொருள். ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் 'செலவானாலும் பரவாயில்லை, சரிசெய்' என்று முடிவெடுத்த பொருள்.

அந்த முடிவு சாதாரணமானதில்லை. மத்தியகால இங்கிலாந்தின் வெள்ளிப் பாத்திரங்களில் மிகப் பெரும்பாலானவை இன்று இல்லை. வெள்ளி என்றால் அன்றைக்கு அழகுப் பொருள் மட்டுமல்ல, அவசரத்துக்கு உருக்கும் சேமிப்பு. 1540-களில் மத கில்டுகளின் சொத்துகளை அரசு எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. திரித்துவ கில்டும் அதோடு முடிந்தது. 1643-ல் உள்நாட்டுப் போர். மன்னர் பக்கம் நின்ற லின், நாடாளுமன்றப் படையின் முற்றுகைக்கு ஆளாகி, செப்டம்பரில் சரணடைந்தது. எத்தனையோ ஊர்களின் பாத்திரங்கள் இப்படிப்பட்ட நெருக்கடிகளில் உலைக்குப் போயின. இந்தக் கோப்பை போகவில்லை. ஜான் மன்னர் கொடுத்தது என்று ஊர் நம்பியதால்தான் உருக்க மனம் வரவில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பொய்யான கதை ஒன்று உண்மையான பொருளைக் காப்பாற்றியிருக்கலாம்.

அடுத்து வாள். இதற்கும் பெயர் ஜான் மன்னர் வாள்தான்! மேயருக்கு முன்னால் ஏந்திச் செல்வதற்கானது. அதன் பிடியில் ஒரு பக்கம், ஜான் மன்னர் தன் இடுப்பிலிருந்து கழற்றிக் கொடுத்த வாள் இது என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. மறுபக்கம் எட்டாம் ஹென்றி வாழ்க என்று இருக்கிறது. ஜானுக்கும் எட்டாம் ஹென்றிக்கும் நடுவே முந்நூறு ஆண்டுகள். 17-ம் நூற்றாண்டில் ஹென்றி ஸ்பெல்மன் என்ற நார்ஃபோக் வரலாற்றாசிரியர் இதை விசாரித்திருக்கிறார். ஜான் பெயர் வரும் வரியை உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர்தான் பின்னாளில் பொறிக்கவைத்தார் என்று அவருக்குத் தகவல் கிடைத்தது. ஊர்ப் பாசம் முற்றிய வாத்தியார்! அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

தென் மாவட்டங்களில் எந்தப் பழைய சத்திரத்தையோ சாலையையோ காட்டிக் கேட்டாலும் 'ராணி மங்கம்மா கட்டியது' என்பார்கள். அதில் பாதி உண்மையாக இருக்கும், மீதி அன்பாக இருக்கும். லின் ஊரின் ஜான் பாசத்திலும் ஓர் உண்மை இருக்கிறது. 1204 செப்டம்பரில் ஜான் இந்த ஊருக்கு ஒரு சாசனம் கொடுத்தார். நார்விச் பிஷப் கேட்டுக்கொண்டதன் பேரில் கொடுத்தது. அந்தத் தோல் ஏட்டின்படி லின் தன்னாட்சி உரிமை கொண்ட நகரமானது. ஜான் உண்மையிலேயே கொடுத்தது இதைத்தான். ஆனால் தோல் ஏட்டை யார் ரசிப்பார்கள்? அதில் பளபளப்பு இல்லை, மயிலிறகு நீலம் இல்லை. ஆகவே ஊர் தன் நன்றியைக் கோப்பைக்கும் வாளுக்கும் மாற்றிவிட்டது என்பது என் ஊகம்.

சாசனம் வந்த பிறகும் ஊரின் பெயர் 'பிஷப்ஸ் லின்'தான், அதாவது பிஷப்பின் லின். சந்தை வருமானத்திலும் நீதிமன்றத்திலும் பிஷப்புக்குப் பங்கு. நகரத்தாருக்கும் பிஷப்புக்கும் ஓயாத சண்டை. 1537-ல் எட்டாம் ஹென்றி பிஷப்பின் உரிமைகளைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டபோதுதான் அது 'கிங்ஸ் லின்' ஆனது. பெயரில் இருக்கும் அரசர் ஹென்றி. ஊர் மனதில் இருக்கும் அரசர் ஜான்.

கோப்பையைப் பார்க்கும் கூட்டம் பக்கத்தில் இருக்கும் ஒரு புத்தகத்தைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறது. சிவப்புப் பதிவேடு. 1307-ல் தொடங்கும் நகரசபைப் பதிவேடு இது. உயில்கள், சொத்துப் பத்திரங்கள், நகரசபை முடிவுகள் எல்லாம் அதில். இங்கிலாந்தில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய காகிதப் புத்தகங்களில் ஒன்று. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் காகிதமே செய்யவில்லை. அங்கே காகித ஆலை வந்தது 15-ம் நூற்றாண்டின் கடைசியில்தான். லின் துறைமுக ஊர் என்பதால் கடல் கடந்து வந்த காகிதத்தை வாங்கி, தோல் ஏட்டைவிட மலிவாக, அன்றாடக் கணக்கை எழுதத் தொடங்கிவிட்டார்கள். எவர் வீடு எவருக்கு, எவர் கடை எந்தப் பிள்ளைக்கு என்று ஒரு குமாஸ்தா குனிந்து எழுதிய வரிகள். இன்றைக்கு நான் போனில் டைப் செய்யும் செய்தி ஏழு மாதம் தாங்கினாலே அதிசயம். அது ஏழு நூற்றாண்டு தாங்கியிருக்கிறது.

இந்த வாள், செங்கோல், அங்கி எல்லாம் நமக்குச் சம்பந்தமில்லாத வெள்ளைக்காரர் சடங்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 2022 மார்ச் 4 அன்று சென்னை மேயராக பிரியா பதவியேற்றபோது, சிவப்பு அங்கியும் கழுத்தில் சங்கிலியும் கையில் வெள்ளிச் செங்கோலுமாக நின்ற படம் எல்லோர் போனிலும் சுற்றியது. அந்த அங்கி எங்கிருந்து வந்தது என்று தேடினால் இப்படிப்பட்ட ஆங்கில ஊர்களின் நகரசபைகளில்தான் போய் நிற்கும். 1687 டிசம்பர் 30 தேதியிட்ட சாசனத்தின்படி, 1688 செப்டம்பர் 29-ல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியது. மேயர், ஆல்டர்மேன்கள், பர்ஜஸ்கள் என்று பதவிகளின் பெயர்கள்கூட அப்படியே ஆங்கில நகரசபை அமைப்பு. முதல் மேயர் நதானியேல் ஹிக்கின்சன். செந்நிற அங்கி, முன்னால் ஏந்திச் செல்ல வெள்ளிச் செங்கோல் எல்லாம் வகுத்துக் கொடுத்தார்கள். வெயிலுக்கு ஆல்டர்மேன்கள் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொள்ளவும் அனுமதி இருந்தது. லின் மேயருக்குக் குடை தேவைப்பட்டிருந்தால் அது மழைக்காகத்தான் இருந்திருக்கும்!

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. லின் ஊர் வணிகர்கள் தங்கள் உரிமைக்காக பிஷப்போடு நூற்றாண்டுக்கணக்கில் மல்லுக்கட்டி, அந்த வெற்றியின் அடையாளமாக வாளை முன்னால் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அது, நகரத்தாரிடம் வரி வாங்க ஒரு வழி. ஒரே அங்கிதான், உள்ளே இருந்த எண்ணம் வேறு. அந்த அங்கி 2022-ல் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றத்தின் இருபத்தெட்டு வயது மேயர் மேல் வந்து உட்கார்ந்தது, கம்பெனிக்காரர்கள் கனவிலும் நினைத்திராத விஷயம்.

அன்று இரவு சாப்பிடும்போது அக்கா ஒரு செய்தி சொன்னாள். "இந்த கவுன்சிலையே எடுக்கப்போறாங்களாம்டி. எல்லாத்தையும் சேர்த்துப் பெரிய கவுன்சிலா ஆக்கப்போறாங்களாம். வேலைல எல்லாரும் அதைத்தான் பேசுறாங்க."

உண்மைதான். இங்கிலாந்தில் பல பகுதிகளில் மாவட்ட அளவில் ஒரு கவுன்சில், அதற்குக் கீழே ஊர் அளவில் ஒரு கவுன்சில் என்று இரண்டு அடுக்கு நிர்வாகம் உண்டு. இரண்டையும் ஒன்றாக்கும் திட்டத்தை 2024 டிசம்பரில் அரசு ஒரு வெள்ளை அறிக்கையாக வெளியிட்டது. அந்தத் திட்டத்தில் நார்ஃபோக்கும் உண்டு. அப்படி நடந்தால் கிங்ஸ் லின் பெயரைத் தாங்கிய கவுன்சிலும் கலையும். 1974-லும் இப்படி ஒரு கலைப்பு நடந்தது. பழைய லின் நகரசபை சுற்று வட்டார ஊர்களோடு இணைந்து பெரிதானது. அப்போது மேயர் பதவி தப்பித்தது.

எனக்கு இது வெறும் வெளிநாட்டுச் செய்தியாகப் படவில்லை. நான் பிறந்த பேரூராட்சி சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து மாநகராட்சியோடு இணைந்தது. தாத்தா அங்கே ஒருமுறை வார்டு உறுப்பினராக இருந்தவர். அலுவலக முன்னறையில், இருந்த தலைவர்கள், உறுப்பினர்கள் பெயர்களை வெள்ளை பெயின்ட்டில் எழுதிய மரப்பலகை ஒன்று தொங்கும். தாத்தா பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருக்கும், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இணைப்புக்குப் பிறகு அலுவலகத்துக்குப் புது பெயின்ட் அடித்தார்கள். புது போர்டு வைத்தார்கள். பலகையைக் கேட்டால், பழைய சாமான்களோடு போயிருக்கும் என்றார்கள். எங்கே போயிருக்கும் என்று சொல்ல ஆள் இல்லை. அது வெள்ளியில்லை, எனாமல் இல்லை, பத்து ரூபாய்க்குப் பெறாது. ஆனால் எங்கள் ஊர் தன்னைத் தானே ஆண்டதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

"அப்போ அந்த கப் யாருக்குப் போகும்?" அக்கா மகன்தான் கேட்டான். சோற்றைப் பாதியில் நிறுத்திவிட்டான்.

அதற்கும் அங்கே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு நகரசபை கலைந்து, அந்த ஊருக்கென்று தனிக் கவுன்சில் இல்லாமல்போனால், சாசன அறங்காவலர்கள் என்று ஒரு குழுவை அமைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்த ஊரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்களே அதன் உறுப்பினர்கள். சாலை போடுவது போன்ற பெரிய அதிகாரமெல்லாம் அவர்களுக்குக் கிடையாது. ஊரின் சாசனத்தையும் வாளையும் செங்கோலையும் பத்திரமாக வைத்திருப்பது, ஆண்டுதோறும் ஒரு மேயரைத் தேர்ந்தெடுப்பது, அவ்வளவுதான் வேலை. பொருளைப் பாதுகாக்க மட்டும் ஒரு சபை! முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பலகை ஞாபகம் வந்தது.

நான் இதையெல்லாம் அவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். கூடவே, அந்தக் கோப்பையை ஜான் மன்னர் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட்டேன். சொல்லலாமா, வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னேன். அவன் முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன்.

"அப்போ யார் குடுத்தது?"

"யாரும் குடுக்கலடா. ஊர்ல இருந்த வியாபாரிங்க யாராச்சும் வாங்கி வச்சிருப்பாங்க."

"அப்போ அது ராஜாவோடது இல்ல... எங்களோடதுதானா?"

அக்கா என்னைப் பார்த்தாள். ஆமாம் என்றேன். அவன் மறுபடி சாப்பிட ஆரம்பித்தான்.

மூன்றாம் நாள் காலை, ரயிலுக்கு நேரம் இருந்ததால் சனிச் சந்தைத் திடல் வழியாகவே நடந்தோம். டவுன் ஹாலின் வாசலில் ஒரு வேன் நின்றிருந்தது. 1766-ல் கட்டிய அந்த நடன மண்டபத்தைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். பூக்கூடைகளை இறக்கிக்கொண்டிருந்த பெண் வழிவிடச் சொன்னார். நாங்கள் ஒதுங்கி நின்றோம்.